மலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது நிமிடம்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில், தட்டைக் கையில் ஏந்தியபடி வீட்டின் மூன்று அறைகளிலும் நடந்துகொண்டே சாப்பிடுகிற நாத்தனாரைப் பார்த்து, "இவ என்ன, பம்பரத்துக்குத் தங்கச்சியா?" என்று அண்ணனிடம் கேட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணி தையல்காரி. மெஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் சண்டை வரும் என்று அக்கம்பக்கத்தில் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. "நீ எனக்கும் சேர்த்து நட, நான் உனக்கும் சேர்த்து உட்கார்றேன்" என்று அண்ணி விஷயத்தை முடித்துவிட்டாள்.

உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் பம்பரத்துக்குச் சரிப்படவில்லை. டைப் கிளாஸில் ஒரு மாதம் இருந்தாள். துணிக்கடையில் பில் போடும் இடத்தில் அரை வருஷம். அங்கே ஸ்டூலை விட்டு எழுந்து எழுந்து போய்த் தானே துணி எடுத்துக் காட்டியதால், விற்பனைப் பெண்கள் முதலாளியிடம் புகார் சொன்னார்கள். கடைசியில் ஒரு சின்ன விமானக் கம்பெனி பணிப்பெண்களை எடுக்கிறது என்று அண்ணன் பேப்பரில் பார்த்துச் சொன்னான். அவனுக்கு டயர் கடை. "சக்கரம் ஓடினாத்தான் நமக்குச் சோறு. நீயும் ஓடு" என்றான். நேர்முகத் தேர்வில், "நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணும், முடியுமா?" என்று கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொடுத்தது ஒரே ஒரு வழித்தடம். மலைக்கு இந்தப் பக்கம் அவள் ஊர், அந்தப் பக்கம் இன்னொரு ஊர். இரண்டிலும் சின்ன விமான நிலையம்தான். ஆகாயத்தில் அளந்தால் நூற்றறுபது கிலோமீட்டர். தரைவழியாகப் போனால் மலையைச் சுற்றி, காட்டைச் சுற்றி, எங்கோ தள்ளி இருக்கிற பாலத்தில் ஆற்றைக் கடந்து நானூற்றைம்பது. பஸ்ஸில் பதினோரு மணி நேரம். விமான டிக்கெட்டில் ஐம்பது நிமிடம் என்று போட்டிருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, இறங்கித் திரும்பி வந்து நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. அவையெல்லாம் போக, பறப்பது அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதிலும் ஏற்றம், இறக்கம் கழிந்து விமானம் சமமாகப் பறக்கிற நேரம் கால் மணிதான். அதற்குள் நாற்பத்தெட்டுப் பேருக்கும் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, குப்பையைத் திரும்ப வாங்கி, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்பவர்களுக்குப் பதில் சொல்லி முடிக்க வேண்டும். பணிப்பெண் அவள் ஒருத்திதான்.

வேறு யாராயிருந்தாலும் ஓடிப்போயிருப்பார்கள். அவளுக்கு அது தண்ணீரில் விட்ட மீன் மாதிரி. கஷ்டம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். கதவோரம் மடக்கு நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்தச் சில நிமிடங்களில் அவள் கால்விரல்கள் ஷூவுக்குள் நடந்துகொண்டிருக்கும்.

அந்தப் பக்கத்து ஊரை அவள் பார்த்ததில்லை. தினம் இரண்டு தடவை அங்கே இறங்கினாலும், விமானம் நிற்பது இருபத்தைந்து நிமிடம். அதற்குள் இருக்கைப் பைகளைத் துழாவிக் குப்பை எடுத்து, பெல்ட்டுகளைச் சேர்த்து மாட்டி, அடுத்த கூட்டத்தை ஏற்றியாக வேண்டும். எண்ணெய் நிரப்பும்போது அவள் பின்கதவுப் படிக்கட்டின் உச்சியில் காவலுக்கு நிற்பாள். அங்கிருந்து தெரிவது ஒரு தகரக் கூரை, கம்பி வேலி, வேலிக்கு அப்பால் நாலு மரம். எண்ணெய் லாரியைக் கொண்டுவருகிறவர், குழாயைப் பூட்டி, அளவு ஏறுவதைப் பார்த்து, முடிந்ததும் சீட்டில் கேப்டனிடம் கையெழுத்து வாங்கிப் போவார். நாற்பதைத் தொடப்போகிற ஆள். குழாயைச் சுற்றி வைப்பதில்கூட, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற நிதானம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை பரபரவென்று வரும்.

ஒருநாள் படிக்கட்டில் அவள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், ஒரு நிமிஷம் உட்காருங்களேன். பார்க்கிற எனக்கே கால் வலிக்குது."

"நீங்க கொஞ்சம் வேகமா ஊத்துங்கண்ணே. பார்க்கிற எனக்கே தூக்கம் வருது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் வந்து சேர நேரம் பிடித்தது.

அப்படி ஆரம்பித்தது. காலையில் நாலு வார்த்தை, மாலையில் நாலு வார்த்தை. அவர் பேசுகிற வேகத்துக்கு ஒரு விஷயம் ஒரே நிறுத்தத்தில் முடியாது. ஒரு காலையில் குழாயைப் பூட்டிக்கொண்டே, "எங்கப்பா லாரி டிரைவர். ஒரு தடவை லாரியையே தொலைச்சுட்டு வந்துட்டாரு" என்றார்.

"லாரியையா? பேனாவா அது, தொலைக்கிறதுக்கு?"

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க" என்றவர், அளவு முள்ளைப் பார்க்கத் திரும்பினார். அதற்குள் பயணிகள் வரிசை வந்துவிட்டது. கதவு சாத்தியாயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் கொடுக்கும்போது ஒருவருக்கு இரண்டு தடவை கொடுத்தாள். இறங்கியதும் துணை விமானியிடம், "ஒரு லாரி எப்படித் தொலையும்?" என்று கேட்டாள்.

மாலையில் படிக்கட்டு இறங்குவதற்குள், "லாரி என்ன ஆச்சு?" என்றாள்.

"பனி. சந்தைக்கு முன்னாடி நிறுத்திட்டு டீ குடிக்கப் போனாரு. வந்து வேற லாரியில ஏறி ஓட்டிட்டு வந்துட்டாரு. ஒரே கலர். சாவியும் பொருந்திடுச்சு."

"அப்புறம்?"

"இவரு ஏத்தினது சிமெண்டு. வீட்டுக்கு வந்து பின்னாடி தொறந்தா, வாத்து."

"வாத்தா!"

"நூறு இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போய்விட்டார். வாத்துகளின் கதி மறுநாள் காலைதான் தெரிந்தது.

அவர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று முதலில் நினைத்தாள். இல்லை, ஆளே அப்படித்தான். சில நாள் அவளும் சொல்வாள், அண்ணியைப் பற்றி, டயர் கடையைப் பற்றி. அவள் இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டு வருஷக் கதையைக் கொட்டிவிடுவாள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து, "அன்னைக்கு உங்க அண்ணி அப்படிச் சொன்னாங்கன்னீங்களே, அது சரிதான்" என்பார். எதைச் சரி என்கிறார் என்று அவள் மண்டையைக் குடைந்துகொள்வாள்.

தன் கல்யாணத்தைப் பற்றி அவர் சொல்லி முடிக்க நாலு நாள் ஆயிற்று. கல்யாணம் நடந்தது, இரண்டு வருஷம் இருந்தது, ஒத்துவரவில்லை, பிரிந்தாயிற்று. "சண்டையெல்லாம் இல்ல. உங்ககூட இருந்தா கடிகாரம் நின்னுபோன மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல" என்றார். அன்றைக்கு அவள் படிக்கட்டில் அசையாமல் நின்றிருந்தாள். அதை அவளே கவனிக்கவில்லை. கேப்டன்தான் கவனித்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சின்னச் சிக்கல் வந்தது. எல்லோரையும் போல அவரையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் அந்த வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. பெயர் சொல்லவும் வரவில்லை, 'சார்' என்றால் சிரிப்பாக இருக்கும். "இந்தாங்க", "கேட்டீங்களா" என்று சமாளித்தாள். அவர் அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதமாயிற்று.

"இப்பல்லாம் நீங்க என்னை அண்ணேன்னு கூப்பிடறதில்லையே."

"கூப்பிடணுமா?"

அவர் குழாயைச் சுற்றினார். சுற்றி முடித்தார். "வேணாம்" என்றார்.

வீட்டில் அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா? பனியால் விமானம் ரத்தான நாட்களில் பம்பரம் குட்டி போட்ட பூனையாக வாசலுக்கும் ஜன்னலுக்கும் அலைந்தாள்.

"பனி விலகிடும், உட்காரு" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி. "அந்தப் பக்கம் யாரு?"

"எந்தப் பக்கம்?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"எண்ணெய் ஊத்துறவரு" என்றாள் பம்பரம். மறைத்து வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"ஃபோன் நம்பர் வாங்கியிருக்கியா?"

இல்லை. வாங்கத் தோன்றாமல் இல்லை. கேட்டுவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். தினம் இரண்டு தடவை பார்க்கிறவரிடம் நம்பர் எதற்கு? நாளைக்குக் கேட்டால் போயிற்று. எதையும் தள்ளிப்போடாதவள் வாழ்க்கையில் இது ஒன்றைத்தான் தள்ளிப்போட்டாள்.

மழைக்காலம் தொடங்கும்போது கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. அந்த வழித்தடம் கட்டுப்படியாகவில்லை, மாதக் கடைசியோடு நிறுத்தம். அவளுக்கு வேலை போகாது. பெரிய நகரங்களுக்குப் போகிற வேறு வழித்தடங்கள் இருக்கின்றன. அன்று மாலை படிக்கட்டில் நின்று, "நிறுத்தப் போறாங்களாம்" என்றாள்.

"தெரியும். எங்களுக்கும் சொல்லிட்டாங்க."

"என்ன செய்யறது?"

"யோசிக்கணும்" என்றார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் வாத்து, லாரி எதுவும் இல்லாமல், அளவு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தானாக வாயைத் திறக்கட்டும் என்று அவளும் வீம்பாக இருந்தாள். கடைசி நாள் கடைசி விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்தாள்.

கடைசி நாள் கடைசி விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மலையைத் தாண்டியதும் மேகம். கீழே பால் கொதித்து மூடியது போல ஒரே வெள்ளை. விலகுகிறதா என்று மேலேயே வட்டமிட்டுப் பார்க்கலாம் என்றார் கேப்டன். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. பயணிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில், அவள் உட்கார்ந்திருந்த கதவோரக் கண்ணாடியில், மேகம் கை அகலத்துக்குக் கிழிந்தது. கிழிசல் வழியாகத் தகரக் கூரை தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் எண்ணெய் லாரி, அதன் முன்னால் ஒரு ஆள். அவர்தானா என்று தெரிவதற்குள் மூடிக்கொண்டது.

"திரும்பறோம்" என்று கேப்டன் சொன்னார். அதைப் பயணிகளுக்கு அறிவிக்க வேண்டியது அவள். ஒலிபெருக்கியை எடுத்தாள். வானிலை காரணமாகத் தரையிறங்க இயலவில்லை, வருந்துகிறோம் என்று மனப்பாட வாக்கியத்தைச் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "பாவம் அந்தப் பொண்ணு பயந்துட்டா. நீ உட்காரும்மா" என்றார். எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

ஒரு வாரம் புதிய வேலையில் போயிற்று. பெரிய விமானம், கூட நாலு பணிப்பெண்கள், ஒரு நாளைக்கு மூன்று நகரம். ஓடுவதற்கு இடம் இருந்தது. ஆனாலும் மனம் ஒரு வேலையிலும் ஒட்டவில்லை. அவர் எப்படியாவது தேடி வருவார் என்று நினைத்தாள். டயர் கடை பேர் வரைக்கும் சொல்லியிருக்கிறாளே. வரவில்லை. முதல் விடுமுறை நாளுக்கு முந்தின இரவே பையை எடுத்து வைத்தாள்.

"பஸ்ஸா? பதினோரு மணி நேரம் நீ உட்காருவியா?" என்றான் அண்ணன்.

"உட்காருவா" என்றாள் அண்ணி.

உட்கார்ந்தாள். அது எப்படிப்பட்ட பயணம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கண்டக்டர் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். கிழவிகளுக்கு மூட்டை ஏற்றினாள். மலைச்சரிவில் ஒரு மணி நேரம் டயர் மாற்ற நின்றபோது, இறங்கிப் போய் டிரைவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தொலைவையா தினம் பிஸ்கட் கொடுத்துத் தாண்டினோம் என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை. மேலிருந்து பார்க்கையில் பச்சைத் துணி போலிருந்த காட்டில் பள்ளிக்கூடம் இருந்தது, சலூன் இருந்தது. வேலியில் கம்பளி காயப்போட்டிருந்தார்கள்.

அதிகாலையில் ஏறியவள் பிற்பகல் கடைசியில் இறங்கினாள். விமான நிலையக் கதவில் பூட்டு. காவலாளி, "ஃப்ளைட்டெல்லாம் இல்லம்மா" என்றார்.

"தெரியும். அதுல வேலை பார்த்தவதான் நான்."

எண்ணெய்க் கிடங்கு பின்பக்கம். அவர் தொட்டியைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்த பிறகும் குழாய் கையிலேயே இருந்தது. தண்ணீர் கால் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் மூடினார்.

"பஸ்லயா வந்தீங்க?"

"நடந்தா வருவாங்க?"

எதிரே ஒரு டீக்கடை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வண்டி வழியில் நின்றதைச் சொன்னாள், புது விமானத்தைச் சொன்னாள். அன்று மேகத்துக்குள் சத்தம் மட்டும் மூன்று தடவை கேட்டதாக அவர் சொன்னார். அவ்வளவுதான். பேச்சு தீர்ந்துவிட்டது. இரண்டு வருஷம் அரைகுறையாக நின்ற கதைகளுக்கு இப்போது நேரம் இருந்தது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"தெரியல. பழக்கம்." அவளுக்கே அழுகை வரும் போலிருந்தது. அது கோபமாக வெளியே வந்தது. "ஏன் வரல? ஒரு வாரம். டயர் கடைன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்."

"பஸ் டிக்கெட் எடுத்தேன். திருப்பிக் கொடுத்துட்டேன்."

"ஏன்?"

அவர் டீக் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கால் மணி, அரை மணி பேசறப்ப நான் நல்லாத்தான் இருப்பேன். நாள் முழுக்க என்கூட இருந்து பார்த்தவங்க ஒருத்தங்கதான். அவங்க போயிட்டாங்க. அவங்க உங்க வேகத்துல பாதி கூட இல்ல. நீங்க எத்தனை நாள் தாங்குவீங்க?"

"நான் தாங்குவேனா மாட்டேனான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"பயமா இருந்துச்சு."

அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி அவள் கேட்டதேயில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "எனக்கும் பயம்தான். கல்யாணம்னா வீட்ல உட்கார வெச்சுடுவாங்கன்னு. என்னைப் பொண்ணு பார்க்க வந்த ரெண்டு பேரும் அதைத்தான் கேட்டாங்க. நீங்களும் கேப்பீங்கன்னா இப்பவே சொல்லுங்க, ஆறரை பஸ் இருக்கு."

"நான் வண்டிக்கு எண்ணெய் ஊத்துறவன்" என்றார் அவர். "நிறுத்தறது என் வேலையில்ல."

அவள் சிரித்தாள். அவரும், வழக்கம்போல் பின்னால் வந்து சேர்ந்து, சிரித்தார். ஆனாலும் அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. அவள் ஆறரை பஸ்ஸில் ஏறினாள். ஃபோன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் ஏழு மாதம். அவர் கம்பெனிக்கு அவள் ஊர் விமான நிலையத்திலும் கிடங்கு உண்டு. அங்கே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டது தனக்கே தெரியாதது போல் இருந்துவிட்டு, உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் சொன்னார். பம்பரம் ஃபோனிலேயே கத்தினாள். "முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" "கிடைக்கலைன்னா உங்களுக்கு ஏமாற்றமா இருக்குமேன்னு" என்றார். கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து அண்ணனும் கேப்டனும். கல்யாண உடையை அண்ணி, உட்கார்ந்தாலும் கசங்காத துணியாகப் பார்த்து எடுத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். தேவையே இருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரே ஊர், ஒரே வீடு. ஆனால் அவள் விமானம் கிளம்பும்போது அவருக்கு ஷிஃப்ட் இல்லை, அவர் வீட்டில் இருக்கும்போது அவள் எங்கோ இரண்டு நகரம் தள்ளி இருப்பாள். சில வாரங்களில் மொத்தமாகப் பார்த்துக்கொள்வது பழைய இருபத்தைந்து நிமிடத்தைவிடக் குறைச்சல் என்று அவள் அண்ணியிடம் புலம்பினாள். பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கிற வேலை, தினம் மாலை வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கம்பெனி கேட்டபோது உடனே ஒத்துக்கொண்டாள். பத்து நாள் தாங்கியது. பதினோராம் நாள் சமையலறையில் நின்று, "என்னால முடியல. உங்களுக்காகத்தான் போனேன். உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கத்திரிக்காய் முழுதும் நறுக்கி முடித்தார்.

"எனக்காகப் போகச் சொல்லி நான் கேக்கலையே" என்றார்.

"கேக்கல. ஆனா இதுக்குன்னு ஒரு நல்ல டாக்டர் இருந்தா நல்லா இருக்கும்."

"எதுக்கு? இது நோய்னு எனக்கு ஒரு நாளும் தோணல."

மறுநாள் அவள் போய்ப் பழைய வேலையையே கேட்டு வாங்கினாள். அவர் தன் ஷிஃப்டை மாற்றச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எப்போது கேட்பார் என்று தெரியவில்லை. இதற்கிடையில் அவளுக்கென்று கைவைத்த பெரிய நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். நல்ல விலை. சாய்ந்தால் கால் நீட்டிக்கொள்ளலாம். அவள் அதில் துணி மடித்து வைக்கிறாள்.